தானமா, ஈடா? உறுப்புக்கொடைக்கான ஊக்கங்கள் பற்றிய விவாதத்தில் விடுபட்ட கடன்

ஆய்வுச் சுருக்கம்

உடலுறுப்புக் கொடைக்கு ஊக்கம் அளிக்கலாமா என்னும் வினா, கொடை – விற்பனை என்னும் எதிர்வுக்குள் வைத்தே பெரும்பாலும் விவாதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் சிறுநீரகம் விற்றோரைப் பற்றிய ஆய்வுகள் இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கும் கடனை முன்னிறுத்துகின்றன. ஓர் ஊக்கம் பணமா, பணமல்லாததா என்று பார்ப்பதைவிட, கடன் கொடுத்தவர் அதனை முன்கூட்டியே ஈடாகக் கருத இயலுமா என்று பார்ப்பதே அறவியல் மதிப்பீட்டிற்குப் பொருத்தமானது என இக்கட்டுரை வாதிடுகிறது. 'நெறிசார் சந்தை' வாதமும், 'தானம்' என்னும் சொல்லைக் கொண்டு அதனை மறுக்கும் வாதமும் இங்கு ஒருசேரத் திறனாய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறுப்புக்கொடை, ஊக்கத்தொகை, கடன், ஈடு, பாக்கி, குமணன், சிறுநீரக விற்பனை

முன்னுரை

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளர்கள் இடைத்தரகர்கள் வழியாகச் சிறுநீரகம் விற்றனர் என்னும் குற்றச்சாட்டு வெளிவந்தது. அரசு விசாரணை நடத்தியது. இரண்டு தனியார் மருத்துவமனைகளில் சிறுநீரக மாற்று அறுவைக்கான அனுமதி நிறுத்தப்பட்டது. பின்னர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றை அமைக்க ஆணையிட்டது. செய்தித்தாள்கள் சில 'கிட்னி திருட்டு' என்றும், சில 'கிட்னி முறைகேடு' என்றும் எழுதின. தாமாகச் சென்று கையொப்பமிட்டவரிடமிருந்து நடந்ததைத் திருட்டு என்பது பொருந்தவில்லை. முறைகேடு என்றாலோ, ஏதோ படிவம் சரியாக நிரப்பப்படாதது போலாகிவிடுகிறது. நடந்ததற்குப் பெயர் கிடைக்காமல் இதழ்கள் திணறியதே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று.

இதே மாநிலந்தான் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை 2008 முதல் நடத்தி, இந்திய மாநிலங்களுள் முன்னணியில் நிற்கிறது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அரசு மரியாதையும் ஓர் ஊக்கமே. தரகர் நீட்டிய தொகையும் ஓர் ஊக்கமே. ஒன்றைப் போற்றி மற்றொன்றைத் தண்டிப்பதற்கான அடிப்படை என்ன? 'ஒன்று மதிப்பு, மற்றொன்று பணம்' என்னும் உடனடி விடை போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

'தானம்' என்னும் சொல்லும் சட்டத்தின் 'அன்பும்'

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் நிறைவேற்றப்பட்டது. அதற்கு முன்பு சிறுநீரக விற்பனையைத் தடுக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. சென்னை வில்லிவாக்கத்தை இதழ்கள் 'கிட்னிவாக்கம்' என்று எழுதிய காலம் அது. உறுப்புக்கு விலை கொடுப்பதையும் பெறுவதையும் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர், பெறுபவர்மீது கொண்ட அன்பு அல்லது பற்றுதல் காரணமாகவோ வேறு சிறப்புக் காரணத்தாலோ, அங்கீகாரக் குழுவின் முன்னனுமதியுடன் உறுப்பளிக்கலாம் என அதன் 9(3)ஆம் பிரிவு இடமளித்தது.

இப்பிரிவின் விளைவை ஒரு மொழிச் சிக்கலாகவும் காண வேண்டும். விற்பனை தடைசெய்யப்பட்ட பின், விற்க வந்தவர் அன்பைப் பேச வேண்டியவரானார். முன்பின் அறியாத ஒருவர்மீது தமக்குள்ள பற்றுதலை அவர் குழுவின்முன் எடுத்துரைக்க வேண்டும். வாங்குபவரும் அதனை ஆமோதிக்க வேண்டும். பொருளுக்குப் பொருந்தாத சொல்லைப் பேசும்படி ஏழையைச் சட்டமே பழக்கியது எனலாம். 'தானம்' என்னும் சொல் இந்நாடகத்திற்குத் திரைச்சீலையாயிற்று. எனவே, 'உறுப்பு என்பது தானம், ஆதலால் அதற்கு விலை கூடாது' என்னும் வாதம் எத்துணை உயர்ந்ததாயினும், நடைமுறையில் அது விலையை ஒழிக்கவில்லை. விலையைப் பற்றிப் பேசுவதையே ஒழித்தது.

இதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, 'கட்டணம்' என்பதற்குத் தரும் வரையறை கூர்ந்து நோக்கத்தக்கது. உறுப்பை எடுப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் ஆகும் செலவும், உறுப்பளித்ததன் நேரடி விளைவாகக் கொடையாளருக்கு நேரும் செலவும் வருவாய் இழப்பும் 'கட்டணம்' ஆகா. அதாவது இழப்பீட்டைச் சட்டம் தடுக்கவில்லை. தமிழில் 'ஈடு' என்னும் சொல் இவ்விடத்தில் நமக்குத் துணைபுரிகிறது. இழந்ததற்கு நிகராகத் தருவதும் ஈடு. கடனுக்குப் பிணையாக வைப்பதும் ஈடு. ஒரு சொல்லுக்குள் இவ்விரு பொருள்களும் இருப்பது போலவே, ஒரே தொகை சூழலுக்கேற்ப முதற்பொருளிலும் இயங்கலாம், இரண்டாம் பொருளிலும் இயங்கலாம்.

துலாமும் வாளும்

உறுப்புக்கொடை விழிப்புணர்வு மேடைகளில் சிபியும் குமணனும் கண்ணப்பரும் முன்னோடிகளாகச் சுட்டப்படுவது வழக்கமாகிவிட்டது. இவ்வொப்புமையை மேடையழகு என்று தள்ளிவிடாமல் சற்றே நின்று வாசிப்பது பயனுடையது.

சிபி கதை கொடைக் கதையாக அறியப்பட்டாலும் அதன் நடுவில் இருப்பது தராசு. புறாவின் எடைக்கு நிகரான தசை என்பது கணக்குப் பார்த்த பரிமாற்றம். சோழரின் முன்னோனைப் பாடும் புறநானூற்றுப் பாடல்கள் (39, 43) அவன் தானே துலாத்தில் ஏறியதையே நினைவுகூர்கின்றன. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்திலும் நீதிமன்றத்திற்குத் தராசு வருகிறது. அங்கும் ஓர் உடலிலிருந்து தசை அளந்தெடுக்கப்பட இருக்கிறது. அளவும் உடலும் இரண்டிலும் உள்ளன. முதலாவதைக் கொடை என்றும் இரண்டாவதைக் கொடுமை என்றும் நாம் தயங்காமல் பிரிக்கிறோம். பணத்தைக் கொண்டு இப்பிரிவை விளக்க இயலாது. ஷைலாக் பணத்தை வேண்டாமென்று மறுத்தே தசையைக் கேட்கிறான். அன்டோனியோவின் உடல்மீது பிறர்க்கு முன்னுரிமை எழுதப்பட்டுவிட்டது என்பதே வேறுபாடு. சிபியின் உடல்மீது யார்க்கும் பத்திரம் இல்லை.

குமணன் கதை இன்னும் நெருக்கமானது. தம்பியால் நாடிழந்து காட்டில் இருந்த குமணனிடம் பெருந்தலைச் சாத்தனார் பரிசில் வேண்டிச் செல்கிறார். கொடுக்க வேறொன்றும் இல்லாத நிலையில், தன் தலையைக் கொண்டுசெல்லுமாறு அவன் வாளை நீட்டுகிறான் (புறநானூறு 165). இளங்குமணன் அண்ணன் தலைக்கு விலை வைத்திருந்தான் என்பது நாம் பள்ளிப் பருவம் முதல் கேட்டுவரும் செய்தி. பாடலிலோ அதன் பழைய குறிப்பிலோ அவ்விலை பேசப்படவில்லை. தலையைப் பெற்றவர் அதனால் எங்ஙனம் வறுமை நீங்குவார் என்னும் கேள்விக்கு விடையாகவே பின்னைய வழக்கு விலையைச் சேர்த்துக்கொண்டது போலும். விலை சேர்ந்த பின்னரும் கதை கொடைக் கதையாகவே நின்றது என்பது கருதத்தக்கது. கொடுப்பவனின் வறுமையோ, பொருளுக்குச் சந்தையில் விலை இருப்பதோ கொடையை விற்பனையாக்கிவிடவில்லை. புலவர் கடன்காரராக வந்திருந்தால் மட்டுமே அது வேறு கதையாகியிருக்கும்.

மறுமைப் பயனை எதிர்பார்த்து அறம் செய்வதை வணிகம் என்றே கருதி, ஆய் அத்தகையவன் அல்லன் என்று முடமோசியார் பாடியதும் (134) இங்கு நினைக்கத்தக்கது. பயன் கருதாக் கொடை என்னும் அளவுகோல் தமிழில் பழமையானது. ஆனால் அது வள்ளலை அளக்க எழுந்த கோல். வட்டி கட்ட இயலாத ஒருவரின் செயலை அக்கோலால் அளந்து, 'இது தானமன்று' எனத் தீர்ப்பளிப்பதில் யாது பயன்?

நெறிசார் சந்தை வாதம்

ஊக்கத்தொகைக்கு ஆதரவான வாதங்களில் வலுவானவை எளிதில் தள்ளத்தக்கவையல்ல. ஜேனட் ராட்கிளிஃப் ரிச்சர்ட்ஸும் பிறரும் 1998இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, தடையை ஆதரிப்போரின் மனநிறைவைக் குலைத்தது. வறுமை ஒருவரின் வழிகளைச் சுருக்கிவிட்டது என்றால், எஞ்சியவற்றுள் சிறந்தது எனத் தாமே கருதும் வழியையும் அடைப்பது எப்படி அவரைக் காப்பதாகும் என்று அவர்கள் வினவினர். சார்லஸ் எரின், ஜான் ஹாரிஸ் ஆகியோர் 2003இல் இதற்கு ஒரு வடிவம் தந்தனர்: ஒரு நாட்டிற்குள் மட்டும் இயங்கும் சந்தை, அரசமைப்பு ஒன்றே வாங்குபவர், பெறப்பட்ட உறுப்பு பணம் படைத்தவர்க்கன்றி மருத்துவத் தேவையின் வரிசையில் வழங்கப்படும். தரகரும் இல்லை, செல்வர் முந்துவதும் இல்லை.

இதற்கு எதிராகப் பொதுவாக எடுத்துக்காட்டப்படுவது, மாதவ் கோயலும் பிறரும் சென்னையில் 2001 பிப்ரவரியில் நடத்தி, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு. சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் அவர்கள் பேசினர். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். கிடைத்த தொகை சராசரியாக 1070 டாலர். குடும்பத்தின் ஆண்டு வருவாய் 660 டாலரிலிருந்து 420 டாலராகக் குறைந்திருந்தது. வறுமைக்கோட்டின்கீழ் இருந்தோர் 54 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காடாயினர். ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். 79 விழுக்காட்டினர் பிறருக்கு இதனைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றனர்.

'இவை தரகர் சந்தையின் கேடுகள். முறைப்படுத்தினால் மறையும்' என்பது சந்தை ஆதரவாளரின் மறுமொழி. ஈரான் இதற்கொரு சோதனைக்களம். 1988 முதல் அங்கு உயிருள்ளோர் சிறுநீரகத்திற்குத் தொகை வழங்குவது அரசு ஏற்ற முறை. அரசின் பங்கும் பெறுபவரின் பங்கும் சேர்ந்து கொடையாளரை அடைகின்றன. ஆயினும் ஜவாத் சர்கூஷி கெர்மான்ஷாவில் சிறுநீரகம் விற்ற 300 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி வாய்ப்பு வந்தால் விற்க மாட்டோம் என்றவர்களே மிகப் பெரும்பான்மையினர். சட்ட ஏற்பு வந்தபின்னும் வருத்தம் நீங்கவில்லை. எனினும் வருந்தினர் என்பது மட்டுமே தடைக்குப் போதிய காரணமாகாது என்பதை ஒப்ப வேண்டும். நிலம் விற்றவரும் வருந்துகிறார். நில விற்பனையை நாம் தடைசெய்வதில்லை. எனவே சென்னை ஆய்வின் எண்களுள் நாம் நின்று பார்க்க வேண்டியவை உடல்நலம் பற்றியவை மட்டுமல்ல. 96 என்பதையும், அதனோடு சேர்ந்து அதே ஆய்வு கூறும் மற்றொன்றையும் கருத வேண்டும்: விற்றோருள் நான்கில் மூன்று பங்கினர் ஆய்வு நடந்தபோதும் கடனில் இருந்தனர். கடனுக்காக உறுப்பு போயிற்று, கடன் போகவில்லை.

பாக்கி

இதன் காரணத்தை மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் 1999இல் எழுதிய கட்டுரை தொட்டுக்காட்டுகிறது. சென்னையில் சிறுநீரகம் விற்ற பெண்களிடம் அவர் பேசினார். அவர்களிற் பலர் முன்னரே குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். கத்திக்குப் பழகிய உடல் என்பதே அவர்களை அடுத்த கத்திக்கும் உரியவராக்கியது. அதனினும் முதன்மையானது அவர் கூறும் இன்னொரு செய்தி. சிறுநீரகம் விற்குமிடம் எனப் பெயர்பெற்ற பகுதிகளில் கடன் கொடுத்தோர் முன்னைவிடக் கடுமையாக நெருக்கினர். உடலில் ஒரு தொகை இருக்கிறது என்பது தெரிந்தபின், கடன் அத்தொகையை எண்ணியே கொடுக்கவும் கேட்கவும் படுகிறது.

பள்ளிபாளையத்தையும் குமாரபாளையத்தையும் அறிந்தவர்க்கு இது புதிதன்று. அவ்வட்டாரத் தறிப்பட்டறைகளில் வேலைக்குச் சேரும்போது தொழிலாளி பெறும் முன்பணத்திற்குப் 'பாக்கி' என்று பெயர். அதனை அடைக்காமல் அவர் பட்டறை மாற இயலாது. மாறினால் புதிய முதலாளி பழைய பாக்கியைத் தீர்த்து அவரை எடுத்துக்கொள்வார். கெர்ட் தெ நேவ் 1990களில் இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்ந்து, அது வெறும் கொத்தடிமை முறையன்று என்றும், பாக்கியைக் கேட்டுப் பெறுவதில் தொழிலாளியின் பேரமும் உண்டென்றும் காட்டினார். தறி ஓட்டும் வீட்டில் வளர்ந்த இக்கட்டுரையாளருக்கு அக்கூற்றின் முதற்பாதியைவிடப் பிற்பாதி ஒப்புக்கொள்ளக் கடினமாகவே இருந்தது. ஆயினும் அது உண்மை. தறி நன்றாக ஓடும் காலத்தில் பாக்கி கேட்பவர் தொழிலாளி. ஓடாத காலத்தில் கேட்பவர் முதலாளி.

பாக்கியின் இலக்கணம் தெளிவானது. நாளைய உழைப்பை நம்பி இன்று பணம் தரப்படுகிறது. உழைப்புக்கு விலை உண்டு என்பதால் அதன்மேல் கடன் பிறக்கிறது. சிறுநீரகத்திற்கும் அறியப்பட்ட விலை உண்டானால், அதன்மேலும் கடன் பிறக்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் உய்த்துணர்வு. பட்டறைக்குப் பட்டறை பாக்கியைத் தீர்த்து ஆளை மாற்றிக்கொள்ளும் ஊரில், கடனைத் தீர்த்து ஆளை அழைத்துச்செல்லும் தரகர் முற்றிலும் அந்நியமானவராகத் தோன்றியிருக்க மாட்டார்.

ராட்கிளிஃப் ரிச்சர்ட்ஸின் வாதம் பிழைபடும் இடம் இதுவே. வழிகளின் பட்டியலில் ஒன்று கூடுகிறது, மற்றவை முன்போலவே இருக்கின்றன என்று அவ்வாதம் கொள்கிறது. விற்கக்கூடிய சிறுநீரகம் உடையவருக்கு, 'என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை' என்று கடன்காரரிடம் சொல்லும் வழி அடைபடுகிறது. சைமன் ரிப்பன் 2014இல் மெய்யியல் நிலையில் இவ்வாதத்தை முன்வைத்தார். கோஹனின் களச்செய்தி அதற்கு முன்பே சென்னையிலிருந்து வந்துவிட்டது. இன்னொன்றும் சேர்க்க வேண்டும். எரின் – ஹாரிஸ் திட்டம் வாங்குபவரைத்தான் சீர்செய்கிறது. விற்பவரின் வாசலில் நிற்பவர் அத்திட்டத்திற்குள் எங்கும் வரவில்லை. அரசே வாங்கினாலும், விலை அரசிதழில் வெளியானாலும், அவ்விலை கடன்காரருக்கும் தெரியும். தரகர் சந்தையில் விலை மறைவாக இருப்பதால் நிகழும் ஏமாற்றைவிட, வெளிப்படையான விலையால் நிகழும் நெருக்கடி பரவலாக இருக்கக்கூடும்.

ஏழையின் உடைமை அனைத்தும் அடகுக்குப் போகின்றனவே, சிறுநீரகத்தை மட்டும் தனித்துப் பார்ப்பது ஏன் என்று கேட்கலாம். அடகு என்றால் மீட்பு உண்டு. நகை மீளும்; மூழ்கிப்போனாலும் வேறு நகை வாங்கலாம். பாக்கியில் கட்டுண்ட உழைப்பும் பாக்கி தீர்ந்தால் விடுபடும். மீட்க இயலாத பொருளை ஈடாகக் கொள்வதைக் கடன் என்னும் உறவே தாங்காது.

ஊக்கங்களை வேறுபடுத்தல்

இதன்படி ஊக்கங்களை மறுபடி நோக்கினால் வழக்கமான வரிசை மாறுகிறது. அரசு மரியாதையை எவரும் அடகு பிடிக்க இயலாது. அது வருவதும் இறப்பிற்குப் பின், எதிர்பாராத நிலையில். இஸ்ரேலில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடையாளராகப் பதிவு செய்தோருக்கும் அவர்தம் உறவினர்க்கும் பின்னாளில் உறுப்பு தேவைப்பட்டால் முன்னுரிமை உண்டு. பயன் கருதாக் கொடையை உயர்த்துவோருக்கு இது உவப்பானதன்று. ஆனால் வரிசையில் ஓர் இடத்தைக் கடன்காரர் என் செய்வார்? நம் அளவுகோலில் அது தவறில்லை. உயிருள்ள கொடையாளருக்கு வாழ்நாள் மருத்துவக் காப்பீடு வழங்குவது பெரும் செலவுடைய ஊக்கம். அதையும் மாற்றவோ பறிக்கவோ இயலாது. பணமதிப்பில் அதைவிடச் சிறிய ரொக்கத்தொகை தவறாகவும், இது சரியாகவும் அமைவது முரணன்று.

வருவாய் இழப்பீட்டில் நம் நாட்டு நடைமுறை வியப்பளிக்கிறது. ஒன்றிய அரசு 2023இல் தன் ஊழியர்களுக்கு, உறுப்பளித்தால் 42 நாள்கள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு என ஆணையிட்டது. வரவேற்கத்தக்க ஆணை. மாதச் சம்பளம் உள்ளவருக்கு 42 நாள் இழப்பு ஈடுசெய்யப்படுகிறது. தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த தறித்தொழிலாளிக்கு, ஓட்டிய மீட்டருக்குக் கூலி பெறுபவருக்கு, விடுப்பு என்னும் சொல்லே இல்லை. சட்டத்தின் இரண்டாம் பிரிவு அவருடைய வருவாய் இழப்பையும் ஏற்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவர் அதனை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? இழந்த கூலிக்கு மேற்படாத தொகையில் கடன்காரருக்கு மிச்சம் எதுவுமில்லை. ஆகவே இது ஈடாக மாறும் அச்சமும் குறைவு. ஊக்கத்தொகை கூடாதென்று உரக்கப் பேசுவோர் இவ்விழப்பீட்டைப் பற்றிப் பேசாதிருப்பது வருந்தத்தக்கது.

குடும்பத்திற்குள் நிகழும் கொடையில் வேறு வகைக் கடனும் உண்டு. உயிருள்ள கொடையாளருள் பெண்களே மிகுதி என்பது அறிந்த செய்தி. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் மனைவி கொடுக்க வேண்டும் என்பது கேட்கப்படாமலே கேட்கப்படுகிறது. அது தனியே ஆராயப்பட வேண்டியது.

மருத்துவமனைக் கட்டணம் என்னும் இடர்

இதுவரை கூறியதன்படி, இறந்தோர் கொடையில் ஊக்கம் பெரும்பாலும் இடரற்றது என்று தோன்றும். அவ்வாறு முடித்துவிட இயலாத ஓர் இடம் உண்டு. சாலை விபத்தில் தலைக்காயமுற்ற ஒருவர் தனியார் மருத்துவமனையில் பல நாள் தீவிர சிகிச்சையில் இருந்து மூளைச்சாவு அடைகிறார் என்று கொள்வோம். உறுப்பு எடுப்பதற்காக உடலைப் பேணும் செலவைக் குடும்பத்திடம் பெறக்கூடாது என விதிகள் கூறுகின்றன. ஆனால் அதற்கு முந்தைய நாள்களின் கட்டணம் நிற்கிறது. அந்நேரத்தில் அக்குடும்பத்தின் மிகப் பெரிய கடன்காரர் அம்மருத்துவமனையே. இசைவு கேட்கப்படும் அறையும், கட்டணம் கேட்கப்படும் சாளரமும் ஒரே கட்டடத்தில் உள்ளன.

இந்நிலையில், 'உறுப்பளித்தால் கட்டணம் தள்ளுபடி' என்பது மனிதநேயச் சலுகையாகத் தோன்றலாம். நம் அளவுகோலில் அது சென்னைச் சந்தையின் அமைப்பையே ஒத்திருக்கிறது: கடன் முன்னே நிற்கிறது, உடல் அதற்கு ஈடாகிறது, கடன் கொடுத்தவரே அதனை முன்மொழிகிறார். அதே தள்ளுபடி இசைவு கேட்பதற்கு முன்பே, இசைவு தந்தாலும் மறுத்தாலும் ஒன்றுபோல் முடிவு செய்யப்படுமானால் அதில் குற்றமில்லை. அப்போது அது ஊக்கமும் ஆகாது. இறுதிச் சடங்கு உதவித்தொகை பற்றியும் இவ்வாறே கூறலாம். மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் அது கிடைக்குமானால், கொடுத்தவரின் கொடை கொடையாக நிற்கும். இதனால் இசைவு குறையுமெனின், குறைந்த அளவு எத்தகைய இசைவாக இருந்தது என்பதை நாம் எண்ண வேண்டும்.

தண்டிக்கப்படுபவர் யார்

தடையை ஏற்கும் இக்கட்டுரை, தடையின் இன்றைய வடிவத்தை ஏற்கவில்லை. சட்டத்தின் 19ஆம் பிரிவு உறுப்புக்குப் பணம் கொடுப்பவரையும் பெறுபவரையும் ஒருங்கே குற்றவாளியாக்குகிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையை ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையாகவும், 20 இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமாகவும் உயர்த்தியது. கடனுக்கு ஈடாக உடலைக் கொடுத்தவர், பேசிய தொகை முழுதும் வராதபோது முறையிட முடியாது. முறையீடே அவர்மீதான சான்றாகிவிடும். தரகர் இதனை நன்கறிவார். விற்றவரைக் குற்றத்திலிருந்து விலக்கி, வாங்கியவர், தரகர், அறுவை நடத்திய நிறுவனம் ஆகியோரை மட்டும் தண்டிப்பதே ஈட்டின் இயல்பை உணர்ந்த தடையாகும். இது விற்பனையை ஊக்குவிக்கும் என்னும் அச்சத்திற்குச் சென்னை ஆய்வின் 79 விழுக்காடு ஓரளவு விடை கூறுகிறது.

அங்கீகாரக் குழுவின் நடைமுறையிலும் ஒரு மாற்றம் தேவை. கொடுப்பவர், பெறுபவர் ஆகிய இருவரின் தொழிலுக்கும் பொருளாதார நிலைக்கும் கடந்த மூன்று நிதியாண்டுகளுக்குரிய சான்றுகளை விதிகள் கேட்கின்றன. வருவாயில் பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும் என்பது நோக்கம். ஆனால் வருவாய்ச் சான்றில் கடன் தெரியாது. பட்டறைப் பாக்கி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நுண்கடன் குழுவின் தவணை அட்டை வீட்டுப் பரணில் இருக்கும். கந்துவட்டிக்காரரிடம் உள்ளது நிரப்பப்படாத கையொப்பத்தாள். கொடையாளரைத் தனியே அமர்த்தி, பெறுபவர்மீது உங்களுக்கு என்ன அன்பு என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு எவ்வளவு தர வேண்டியுள்ளது, அடுத்த தவணை என்றைக்கு என்று குழு கேட்கலாம்.